நீலக் கவுனுக்குள் ஒருத்தி

கடையில் அவளுக்குப் பொம்மை என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள், ஆனால் கேலியில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்வாசல் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையின் உடுப்பைக் கழற்றி இவளுக்கு மாட்டினால் ஒரு குண்டூசிகூடக் குத்த வேண்டாம், அப்படியே உட்காரும். வாங்க வந்தவர்கள் "போட்டா எப்படி இருக்குமோ" என்று இழுத்தால், விற்பனைத் தளத்துக்குப் பொறுப்பான மேடம் இவளைத்தான் கூப்பிடுவார். இவள் போட்டுக்கொண்டு இரண்டு தடவை திரும்பி நின்றால் போதும், பில் போட்டுவிடுவார்கள். அதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய உடம்பு. உடம்பு போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை.

அந்தத் துணிக்கடைப் பெண்களுக்கு உலகம் இரண்டே இரண்டுதான்: மேலே, கீழே. மேலே என்றால் விளக்கு, கண்ணாடி, குளிர்ந்த காற்று, விற்ற துணிக்குச் சம்பளத்துக்கு மேல் கமிஷன். கீழே என்றால் தரைக்கு அடியில் இருக்கிற கிடங்கு. மூட்டை பிரிக்க வேண்டும், விலைச்சீட்டு குத்த வேண்டும், அட்டைப்பெட்டித் தூசியில் நாளெல்லாம் இரும வேண்டும். கமிஷன் கிடையாது, சம்பளமும் பாதிதான். மேலிருந்து கீழே போனவர்கள் எத்தனையோ பேர். கீழிருந்து மேலே வந்தவள் என்று ஒருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

மேலே நிற்க வேண்டுமென்றால் நீலக் கவுன் போட வேண்டும். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரே துணி, உடம்போடு ஒட்டி நிற்கும், முதுகில் ஜிப். மூன்றே அளவுகளில் தைத்து வைத்திருந்தார்கள். அதற்கு மேலும் பெண்கள் இருப்பார்கள் என்று நிர்வாகத்துக்குத் தோன்றவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வருகிறவளிடம் மேடம் கவுனை நீட்டுவார். அவள் உடைமாற்றும் அறைக்குள் போவாள். ஜிப் ஏறினால் மேலே, ஏறாவிட்டால் கீழே. இதற்குக் கடையில் 'கவுன் பார்ப்பது' என்று பெயர். இரண்டாவது மாடியில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களுக்கு இடுப்பைப் பிரித்தும் பிடித்தும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஊசி கடைப் பெண்களின் கவுன் பக்கம் மட்டும் வராது. சீருடையில் கைவைக்கக் கூடாதாம். என்ன நியாயமோ, வாயில் நன்றாக வருகிறது எனக்கு.

மூத்த பெண் பிறந்தபோது பொம்மை முதல் அளவிலிருந்து மூன்றாம் அளவுக்குத் தாவினாள். பிறகு இறங்கவே இல்லை. இறங்க எங்கே விட்டார்கள்? கூட்டம் கலைகிற வரைக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் போக முடியாது. மாலையில் கால் இரண்டும் வீங்கி, குடலைப் பிடுங்குகிற பசியோடு வீட்டுக்கு வந்தால் பானையில் இருப்பது சோறு, பெண் கடித்து மீதி வைத்த ரொட்டி. பழம், மீன், கறி எல்லாம் சம்பள நாளைச் சுற்றி ஒரு வாரம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். வயிறு நிறைய வேண்டும், செலவு குறைய வேண்டும் என்றால் சோற்றைத்தான் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தில் மட்டும் "டிரைவர் பொண்டாட்டிக்கு என்ன குறை, உக்காந்து தின்னு உடம்பை வளர்த்துட்டா" என்று பேசிக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்து யார் பார்த்தார்கள்? கடையில் நாற்காலியே கிடையாது.

அவள் புருஷன் டாக்சி டிரைவர். வண்டி முதலாளியுடையது. நல்ல மனுஷன்தான், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் கண்ணுக்கு முன்னால் நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது, சாலை தவிர. வண்டி ஓடினால் வருமானம், ஓடாவிட்டால் வெறுங்கை. வாடகையும் பெண்ணின் பள்ளிக்கூடமும் பொம்மையின் கமிஷனை நம்பித்தான் இருந்தன.

ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை. சமையலறையில் படுத்துக்கொள்கிறவள் டிரைவரின் அக்கா. பொம்மைக்கு நாத்தனார், அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள். பெண்ணை வளர்த்ததும், சமைத்ததும், துவைத்ததும் அவள்தான். இருந்தாலும் தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்ற கூச்சம் அவளை விட்டுப் போகவே இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சமையலறைக்குள் போய், பானையைச் சுரண்டுகிற சத்தம்கூட வெளியே கேட்காமல் சாப்பிட்டுவிட்டு வருவாள். ஆள் காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். கேட்டால் "எனக்கு உடம்பு வாகு அப்படி" என்பாள். எல்லோரும் நம்பினார்கள். பொம்மையும் நம்பினாள்.

இரண்டாவது குழந்தை பிறந்தது. அதுவும் பெண். விடுப்பு முடியப் போகிற சமயத்தில் ஒரு நாள் பொம்மை கண்ணாடி முன் நின்று முன்னும் பின்னும் பார்த்தாள். மூன்றாம் அளவுக்கு அப்பால் தாவ இடமில்லை.

அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்தாள். ஆனால் வீட்டில் அண்ணி இருந்தாளே! பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்க அண்ணி விடுவாளா? தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் மீன் துண்டு, ஓரத்தில் அவித்த முட்டை வைத்து, அறைக்கே கொண்டுவந்துவிடுவாள்.

"இவ்வளவு எதுக்கு அண்ணி?"

"உனக்கா குடுக்குறேன்? அவளுக்குக் குடுக்குறேன். நீ வெறும் வழிதான். பேசாம சாப்பிடு."

அண்ணி அந்தப் பக்கம் போனதும் பொம்மை நான்கு வாய் சாப்பிடுவாள். மீதியைப் புருஷன் பக்கம் தள்ளுவாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணை எடுக்காமலே தட்டை வாங்கிக் காலி செய்வான். முதல் நாள் மட்டும் "உனக்கு?" என்று கேட்டான். "போதும்ங்க" என்றாள். மறுநாளிலிருந்து கேட்கவும் இல்லை. அண்ணி வந்து காலித் தட்டைப் பார்த்தால் அவள் முகத்தில் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பார்க்க முடியாமல் பொம்மை குழந்தை பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்த வீட்டில் அந்த நாட்களில் ஒரே ஒருவருக்குத்தான் உடம்பு ஏறியது. டிரைவரின் பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல் நுனிப்பக்கம் புதிதாக ஒன்று போட வேண்டி வந்தது. "உக்காந்தே வேலை பாக்குறோம்ல, தொப்பை வரத்தான் செய்யும்" என்று அவனே காரணமும் சொல்லிக்கொண்டான். நீ தின்றது யார் சாப்பாடு தெரியுமா என்று அவன் காதைப் பிடித்துத் திருகி யாராவது சொல்லியிருக்கலாம். சொல்ல ஆளில்லை.

விடுப்பு முடிந்து கடைக்குப் போனாள். மேடம் நலம் விசாரித்தார், குழந்தையின் போட்டோவைப் பார்த்து "உன்னை மாதிரியே" என்றார், அதே மூச்சில் கவுனையும் நீட்டினார். பொம்மை உள்ளே போனாள். இடுப்பு ஏறியது, வயிறு ஏறியது. அவளுக்கே நம்ப முடியவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று மூச்சு விட்டாள். மூச்சு விட்ட இடத்தில் ஜிப் நின்றுவிட்டது. நெஞ்சுக்குப் பின்னால் நின்றது நின்றதுதான். இழுத்தால் வலியில் உயிர் போயிற்று. காலையில் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வந்ததுதான், அதற்குள் மார் இரண்டும் கல் மாதிரி கட்டியிருந்தன. கவுனுக்குள் அடங்காதது கொழுப்பு இல்லை, பால்.

மேடம் கதவைத் தட்டினார். உள்ளே வந்து முதுகைப் பார்த்தார்.

"இவ்வளவு கொறைச்சிட்டியே, பரவாயில்லை. இதுக்கு என்ன பண்ண?"

"பால் மேடம். கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

"கொஞ்ச நாள் கடை காத்துக்கிட்டிருக்குமா? நான் உனக்காக ஒண்ணு செய்யுறேன். அடுத்த திங்கட்கிழமை வா. அன்னிக்கும் ஏறலைன்னா என்கிட்ட கேட்காதே, கீழே போயிடு."

வெளியே வாசனைத் திரவியக் கவுன்டரில் நிற்பவள் இவளைக் கை காட்டிக் கூப்பிட்டாள். சென்ட் அக்கா என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று பிள்ளைக்காரி, மூன்று தடவையும் மேலேயே நின்றவள்.

"எங்க நிக்குது ஜிப்?"

பொம்மை காட்டினாள்.

"மருந்துக் கடையில கால் சுளுக்குக்குக் கட்டுற பட்டி இருக்குல்ல, அகலமா, இழுத்தா நீளுமே, அதை வாங்கு. மார்ல இறுக்கிச் சுத்திக்கோ. தண்ணி கொறைச்சுக் குடி. வீட்டுலயும் அவுக்காதே. ஒரு வாரம், அவ்வளவுதான்."

"பால்?"

சென்ட் அக்கா ஒரு பாட்டிலை எடுத்துத் துணியால் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"கொறையும். நின்னும் போகும். எனக்கு மூணுக்கும் நின்னுச்சு. டப்பாப் பால் எதுக்குடி இருக்கு? கீழே போயிட்டா டப்பாவும் வாங்க முடியாது, அதை நெனச்சுப் பாரு."

ஆகவே பொம்மைக்குத் தெரியும். தெரியாமல் செய்தாள் என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தாள். கீழே போனால் வாடகை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, வாசலில் வந்து நிற்கும் வீட்டுச் சொந்தக்காரர் இருக்கிறார். மேலே நின்றால் இதெல்லாம் நடக்கும், பால் கொஞ்சம் குறையும். கொஞ்சம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மருந்துக் கடையில் பட்டியை வாங்கியபோது கடைக்காரர் "கால்ல அடியா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

அந்த வாரம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பட்டிக்குள் நெருப்பு கட்டி வைத்தது போல எரிந்தது. காய்ச்சல் அடித்தது. குழந்தை அழும்போதெல்லாம் பட்டி ஈரமாகும். பகலில் குளியலறைக்குள் போய்த் துணியைக் கடித்துக்கொண்டு அழுவாள். ஒரு நேரம் அவிழ்த்துக் கொடுப்பாள், மறுநேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள், சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டுவாள். பிறகு ஒரு நாள் குழந்தை அழுதது, பட்டி ஈரமாகவில்லை. வலியும் இல்லை. அவள் எதிர்பார்த்தது அதைத்தான். அது வந்தபோது பட்டியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஜிப் ஏறியது. ஒரே இழுப்பு, கழுத்து வரை. மேடம் "பொம்மைன்னா பொம்மைதான்" என்று முதுகில் தட்டினார். மற்ற பெண்கள் கை தட்டினார்கள். அன்றைக்கு அவள் விற்ற விற்பனையை அந்தத் தளத்தில் வேறு யாரும் விற்கவில்லை. சிரித்துக்கொண்டே விற்றாள்.

டப்பாப் பால் வாங்க முதல் சம்பளம் வர வேண்டும். அதுவரைக்கும் இருப்பதை வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். காலையில் போகும்போது ஒரு தடவை, மாலையில் வந்ததும் ஒரு தடவை மாரில் போட்டுக்கொள்வாள். குழந்தை இழுத்துப் பார்க்கும், விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தும். பகலில் அண்ணி பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தாள். கொஞ்ச நாளில் குழந்தை கத்துவதை நிறுத்தியது. "சமத்தாயிட்டா பாரு" என்றான் டிரைவர். அண்ணிக்கு மட்டும் அந்தச் சமத்து பிடிக்கவில்லை. தூக்கினால் கை கனக்கவில்லை என்றாள். கடையில் வார விடுமுறை கிடைத்த புதன்கிழமை பொம்மையையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருக்கிற தாய்சேய் நிலையத்துக்குப் போனாள்.

நர்ஸ் குழந்தையின் உடுப்பைக் கழற்றித் தராசில் கிடத்தினாள். போன தடவை எழுதியிருந்ததைப் பார்த்தாள். மறுபடியும் தூக்கிக் கிடத்தினாள்.

"ஏறணும்மா. இந்த வயசுல ஏறிக்கிட்டே இருக்கணும். இது இறங்கியிருக்கு. தாய்ப்பால்தானே?"

"ஆமா. இவ வேலைக்குப் போற பகல்ல மட்டும் பசும்பால்" என்றாள் அண்ணி.

"அம்மா ஒழுங்கா சாப்பிடுறதில்லையா?"

அண்ணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன கேள்வி கேக்குறீங்க? வேளாவேளைக்கு நான்தான் எடுத்து வைக்கிறேன். முட்டை, மீன், ஒண்ணும் குறையில்லை. என் பங்கையும் சேத்துத்தான் வைக்கிறேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. பொம்மை அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

நர்ஸ் பொம்மையைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அக்குளிலிருந்து அக்குள் வரைக்கும் பட்டி போட்ட தடம் கறுத்துக் கிடந்தது. "இது என்ன?" என்றாள். பொம்மை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கவுன், ஜிப், பட்டி. கடைசியில், தட்டைப் புருஷனிடம் தள்ளியதையும் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணி குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் திரை வெறும் துணிதானே.

நர்ஸ் கத்தவில்லை. எத்தனை பேரைப் பார்த்தவளோ. "திரும்ப ஊறலாம். வயிறாரச் சாப்பிடணும், பகல்லயும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிள்ளையை மார்ல போடணும். கூடவே இருக்கணும். இருப்பீங்களா?"

பொம்மை உடுப்பைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"அப்போ டப்பாப் பால் குடுங்க. இன்னிக்கே. தண்ணி ஜாஸ்தியாக் கலக்காதீங்க."

வெளியே வந்து நர்ஸ் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும் அந்த மெஷின்ல ஏறி நில்லுங்க."

"எனக்கு எதுக்கு? எனக்கு உடம்பு வாகு..."

"ஏறுங்க, பாக்கலாம்."

அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நர்ஸ் முள்ளைப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா இந்த வாகு?" என்று மட்டும் கேட்டாள். அண்ணி சிரித்து மழுப்பப் பார்த்தாள். வரவில்லை.

மருந்துக் கடையில் டப்பா வாங்கினார்கள். அந்த மாத வாடகைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்துதான். விலையைக் கேட்டபோதே பொம்மைக்கு ஒன்று விளங்கிவிட்டது. தாய்சேய் நிலையத்தின் படியில் இறங்கும்போது, கவுனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நாளைக்கே கீழே போய்விடலாம், பிள்ளைக்கு ஊறினால் ஊறட்டும் என்று ஒரு எண்ணம் ஓடியிருந்தது. இப்போது அதற்கும் வழியில்லை. கீழே வாங்குகிற சம்பளத்தில் இந்த டப்பாவை மாதம் முழுக்க வாங்க முடியாது. பாலை நிறுத்தியதும் அந்தக் கவுன்தான், இனிப் பால் வாங்கித் தரப் போவதும் அந்தக் கவுன்தான். கவுனுக்காகப் பட்டினி கிடந்தவள் இனிப் பிள்ளைக்காகவும் அந்த அளவிலேயே கிடக்க வேண்டும்.

வீட்டில் டிரைவர் இல்லை, சவாரிக்குப் போயிருந்தான். பெரியவள் பள்ளிக்கூடத்தில். அண்ணி தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, டப்பாவில் போட்டிருந்த கரண்டியால் அளந்து கரைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டு பாட்டிலை வாயில் வைத்தாள். முதலில் குழந்தைக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூச்சுகூட விடாமல், மூக்கால் சத்தம் போட்டுக்கொண்டு குடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொம்மை எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"திட்டிடுங்க அண்ணி. ரெண்டு வார்த்தை திட்டிடுங்க."

அண்ணி திட்டவில்லை. பாட்டிலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.

"அந்த முட்டை எல்லாம் அவன்தான் தின்னானா?"

"ம்."

"மீனு?"

"ம்."

குழந்தை குடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி அதன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். குரலில் கோபமே இல்லை.

"எனக்குப் பசிச்சுதுடி" என்றாள். "நீ சாப்பிடுறேன்னு நெனச்சுத்தான் தாங்கிக்கிட்டேன்."

மறுநாள் காலை பொம்மை பட்டியைச் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடைக்குப் போனாள். டப்பா தீர்ந்து போகுமே.